நீலச் சேலையின் மறுமுனை

அம்மா கீழேயிருந்து வந்தாள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கொல்லிமலை ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எல்லாரும் கீழேயிருந்துதான் படியேறி வந்தாக வேண்டும். ஆனால் அம்மா எனக்கு முன்னால் மேலே போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் படியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் அவளுடைய நீலச் சேலையைப் பார்த்தேன். அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் நான்கு வயதுத் தங்கை பின்னாலேயே ஏறிப் போனதையும் பார்த்தேன்.

இப்போது அம்மா கீழேயிருந்து, பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வருகிறாள். அரக்கு நிறச் சேலை கட்டியிருக்கிறாள். காலையிலிருந்தே அவள் அதைத்தான் கட்டியிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சின்னவ எங்க கண்ணு?" என்றாள்.

மேகம் இறங்கிப் பத்துப் படிக்கு மேல் எதுவும் தெரியாத மத்தியானம் அது. எனக்குப் பதினொரு வயது. ஈரக்குலை நடுங்குவது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது எந்த இடத்தில் நடுங்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

செவலையின் பிடிவாதம்

போன வாரம் எங்கள் செவலை மாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டுத் தங்கை போன் செய்தாள். "மாட்டைப் பத்தி அத்தனை எழுதினயே, நாம மலைக்குப் போனதை எழுதலையா?" என்று கேட்டாள். அவளுக்கு அந்த நாள் துளியும் நினைவில்லை. நினைவிருக்கிற நான்தான் எழுதியாக வேண்டும்.

மலையைச் சொல்ல வேண்டுமென்றாலும் மாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. முள்ளுக்குறிச்சிக்குப் பக்கத்தில், அடிவாரத்தில் எங்கள் தோட்டம். குச்சிக்கிழங்கு, கொஞ்சம் சோளம், ஒரு கிணறு, ஒரு செவலை. பல் விளக்கும்போது கொல்லிமலை முகத்துக்கு நேரே நிற்கும். ஆனால் பஸ்ஸில் ஏறிப் போக வேண்டுமென்றால் ராசிபுரம் போய், மலை பஸ் பிடித்து, ஊரெல்லாம் சுற்றி அந்தப் பக்கமாக ஏற வேண்டும்.

செவலையை அம்மா மட்டும்தான் கறக்க முடியும். அப்பா கிட்டே போனால் காலைத் தூக்கும். ஆகவே எங்கள் கோடைச் சுற்றுலாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. காலைக் கறவை முடிந்து கிளம்ப வேண்டும், சாயங்காலக் கறவைக்குள் திரும்பிவிட வேண்டும்.

நாலைந்து வருஷம் அப்படித்தான் போனோம். செம்மேட்டில் இறங்கி, மரத்தடியில் கட்டுச்சோறு பிரித்து, ஆளுக்கு இரண்டு துண்டு அன்னாசி தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே இறங்கிவிடுவோம். மலையில் இருந்த நேரத்தைவிட பஸ்ஸில் இருந்த நேரம்தான் அதிகம். அருவி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் திறந்ததும் தோழிகள் அருவியைப் பற்றிக் கேட்பார்கள். நான் அன்னாசியைப் பற்றிச் சொல்வேன்.

சரசக்காவின் ஒத்திகை

அந்த வருஷம் பக்கத்துத் தோட்டத்துச் சரசக்கா ஒரு யோசனை சொன்னாள். "மாடு ஆளையா பாக்குது? சேலையத்தான் பாக்குது. உங்க சேலையக் குடுங்க, நான் கட்டிட்டுக் கறக்கறேன்."

அம்மா மாட்டு வேலைக்கு எப்போதும் ஒரே சேலைதான் கட்டுவாள். பொங்கலுக்கு ரேஷன் கடையில் இலவசமாகக் கொடுத்த சேலை. நீலம், ஓரத்தில் மஞ்சள் கரை. எங்கள் பக்கத்தில் கார்டு வைத்திருந்த எல்லா வீட்டுக்கும் அதே சேலை வந்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டு யாரும் விசேஷத்துக்குப் போவதில்லை. காட்டுக்கும் மாட்டுக்கும்தான் கட்டுவார்கள்.

சரசக்கா ஒரு வாரம் ஒத்திகை பார்த்தாள். செவலை முதல் நாள் காதை விறைத்தது. சேலையை மோந்தது. அப்புறம் சாதுவாகப் பாலை விட்டது. அம்மாவுக்குச் சந்தோஷம் பாதி, வருத்தம் பாதி. "இத்தன வருசம் தீவனம் போட்டது நானு, இது பாரு, துணிக்குப் பால் விடுது" என்று செவலையைத் திட்டினாள்.

அந்தச் சேலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாயங்காலம் புல் அறுத்துக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு அம்மா வரப்பு மேல் வருவாள். தலையில் கட்டு இருந்தால் கழுத்து திரும்பாது. பின்னால் சின்னவள் வருகிறாளா என்று பார்க்க வழியில்லை. அதற்காக முந்தானை நுனியை அவள் கையில் கொடுத்துவிடுவாள். "இழுத்துப் புடிச்சுக்க சாமி, உட்றாத" என்பாள். பின்னால் இழுவை இருந்தால் குழந்தை வருகிறது. இழுவை நின்றால் அம்மாவும் நின்றுவிடுவாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சின்னவள் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தாள்.

எழுபது வளைவு

கிளம்புவதற்கு முதல் நாள் சரசக்கா என்னிடம் மட்டும் ஒரு கதை சொல்லி வைத்தாள். மலைக்குக் காவலாக ஒருத்தி இருக்கிறாளாம். மேகம் இறங்கும்போது வருவாளாம். தெரிந்தவர் மாதிரியே முன்னால் நடந்து போவாளாம். பின்னால் போன ஆள் திரும்பியதே இல்லையாம். "மோடம் எறங்கிட்டா யாரு பின்னாலயும் போயிராத கண்ணு" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அவளுக்கு அது விளையாட்டு.

காரவள்ளி தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். டிரைவர் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது பஸ்ஸின் பின்பாதி பள்ளத்தின் மேல் போய் வரும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு எங்கள் குலதெய்வத்தைக் கூப்பிடுவாள். நான் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு பலகைகளை எண்ணுவேன். எழுபதையும் எண்ணி முடித்தால்தான் பஸ் விழாது என்று ஒரு நம்பிக்கை. அப்பா மட்டும் டிரைவருக்குப் பின் ஸீட்டில் உட்கார்ந்து, மிளகுக்கொடி ஏறிய மரங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். அவர் அதிகம் பேசாத மனிதர்.

அருவி எப்படி இருந்தது என்று கேட்டால், சத்தமாக இருந்தது என்றுதான் சொல்வேன். ஆயிரம் படிக்கு மேல் இறங்கிப் போனோம். சாரல் முகத்தில் அடித்தது. சின்னவள் அழுதாள், பிறகு வெளியே வர மாட்டேன் என்று அழுதாள். அம்மா தலையை மட்டும் நனைத்துக்கொண்டு சிரித்தாள். அத்தனை நேரம் ஓரிடத்தில் சும்மா நின்று அம்மா சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

செருப்பும் ஊக்கும்

திரும்பும்போது அப்பா வேகமாக முன்னால் ஏறிப் போய்விட்டார். சாயங்கால பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. "நீங்க மெதுவா முன்னால போங்க, நான் பின்னாலயே வாரேன்" என்றவள், என்னைப் பார்த்துச் சொன்னாள். "சின்னவ கைய உட்றாத."

விடவில்லை. பாதிப் படிக்கட்டு வரைக்கும் விடவில்லை. அங்கே என் செருப்பின் வார் பிய்த்துக்கொண்டது. வாருக்கு ஊக்கு மாட்ட இரண்டு கை வேண்டும். "இங்கயே நில்லு" என்று அவளை நிறுத்திவிட்டுக் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து மேகம் படியில் இறங்கியது. முதலில் மரங்கள் மறைந்தன, அப்புறம் சுவர்.

நிமிர்ந்தபோது ஏழெட்டுப் படிக்கு மேல் நீலச் சேலை போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் கரை தெரிந்தது. இடுப்புக்கு மேலே எல்லாம் வெள்ளையாக மூடியிருந்தது. முந்தானையைப் பிடித்தபடி சின்னவளின் சிவப்புக் கவுன் பின்னால் ஏறியது. தினமும் வரப்பில் பார்க்கிற காட்சிதான். நான் குனிந்திருந்தபோது அம்மா தாண்டிப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். அப்பாடா என்று மறுகால் செருப்பையும் சரிபார்த்தேன்.

நான் சொன்ன பொய்

அப்புறம்தான் அம்மா கீழேயிருந்து வந்தாள். சின்னவள் எங்கே என்று கேட்டாள்.

வீட்டில் சரசக்கா கட்டியிருக்கிற சேலை இங்கே எப்படி வந்தது? எனக்குச் சரசக்கா சொன்ன கதைதான் ஞாபகம் வந்தது. தெரிந்தவர் மாதிரியே முன்னால் நடந்து போகிறவள். உண்மையைச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

"அப்பா கூட மேல போயிட்டாம்மா" என்றேன்.

அம்மா நம்பினாள். நம்பியதோடு நிற்காமல், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பாதிப் படிக்கட்டை ஏறியபோது பட்ட பாட்டை நான் பிறகு எப்போதும் பட்டதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்திருக்கிறேன், பிள்ளைப்பேறு பார்த்திருக்கிறேன், எதுவும் அந்த அளவுக்கு இல்லை. இருபது படிக்கு ஒருமுறை அம்மா உட்காருவாள். "வாம்மா, போலாம்" என்று நான் கையைப் பிடித்து இழுப்பேன்.

"என்ன அவசரம் சாமி? இன்னைக்குத்தான் கறவை இல்லையே" என்றாள் அம்மா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வருசா வருசம் இப்படியே வரணும்" என்றும் சொன்னாள்.

நான் மேலே பார்த்தேன். வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை. ஒவ்வொரு படியிலும் இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஒவ்வொரு படியும் தாண்டத் தாண்ட, ஏன் அப்போதே சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பயம் ஏறியது. அரை மணி நேரமாவது போயிருக்கும். அது நான் விழுங்கிய அரை மணி நேரம்.

மலையெல்லாம் நீலம்

மேலே, படிக்கட்டு முடிகிற இடத்தில் இருக்கிற கோயிலைத் தாண்டி பஸ் நிற்கிற இடத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் துண்டு இல்லை, இடம் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"சின்னவ எங்க புள்ள?" என்று அம்மாவைக் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீலச் சேலை, முந்தானை, மேகம், பொய். அப்பாவின் கை ஓங்கியது. அம்மா குறுக்கே வந்தாள்.

"அடிக்காதீங்க. அடிச்சா வாயடைச்சுப் போயிருவா. அவ ஒருத்திதான் பாத்தவ."

பிறகு அம்மா கேட்ட கேள்வியெல்லாம் சேலையைப் பற்றியே இருந்தது. கரை எந்த நிறம், எவ்வளவு அகலம், பூ இருந்ததா, இல்லையா. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. "அது ரேசன் சேலைங்க" என்று அப்பாவிடம் சொன்னாள்.

நான் அவள் காதருகே போய், "அது மனுசிதானாம்மா?" என்று கேட்டேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அன்னாசி நறுக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் ஓடினோம். "நீலச் சேலை கட்டுனவ பின்னால ஒரு குழந்தை போச்சுங்களா?" என்று அம்மா கேட்டாள். அந்த அம்மாளே நீலச் சேலைதான் கட்டியிருந்தாள். "மலையில பாதிப்பேரு இந்தச் சேலதானுங்களே" என்றாள். திரும்பிப் பார்த்தால் தண்ணீர்க் குழாயடியில் ஒரு நீலம், வாழைத்தார் இறக்குகிற இடத்தில் ஒரு நீலம், மேகத்துக்குள் எங்கேயோ நடந்து போகிற இன்னொரு நீலம். அம்மா ஒவ்வொருத்தியாகத் தோளைத் தொட்டுத் திருப்பினாள். எந்த முந்தானையிலும் சின்னவள் இல்லை.

பஸ் கிளம்ப ஹாரன் அடித்தது. அப்பா போய் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

கண்டக்டர் இறங்கி வந்தார். "ஏனுங்க, மோடம் இன்னும் கெட்டியாயிட்டா வளைவுல வண்டி எறக்க முடியாதுங்க. வழிய உடுங்க."

"எம்புள்ள கெடைக்கட்டும்" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேசினார். ஆனால் நகரவில்லை.

ஜன்னலில் இருந்து ஒருவர், "புள்ள புடிக்கிறவளாத்தான் இருக்கும். இந்நேரம் எந்த வண்டியில ஏத்திட்டாளோ" என்றார். அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

விறகுக்கட்டு

கோயிலுக்குப் பக்கவாட்டில் ஒரு மண் தடம் இருந்தது. அதன் வழியாக ஒருத்தி ஓடி வந்தாள். நீலச் சேலை, மஞ்சள் கரை. இடுப்பில் சிவப்புக் கவுன்.

கூட்டத்தைப் பார்த்ததும் அவள் தூரத்திலேயே நின்றுவிட்டாள். அதற்குள் "அவதான், புடிங்க" என்று இரண்டு பேர் பாய்ந்தார்கள். ஒருவன் அவள் கையை முறுக்கிப் பிடித்தான். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அம்மாவைவிட அவள்தான் அதிகமாகப் பயந்திருந்தாள்.

"நான் தூக்கிட்டுப் போகலீங்க. தலையில வெறகுக்கட்டுங்க, திரும்ப முடியாது. பின்னால இழுக்கறது, ஊட்டுலருந்து என்னையத் தேடிட்டு வந்த எம்புள்ளைனு நெனச்சு நடந்துட்டனுங்க. அது காட்டுக்கு வந்தா இப்படித்தான் புடிச்சுட்டு வரும். ஊட்டுல கட்டை எறக்கிட்டுத் திரும்பிப் பாக்கறேன், யாரோ பெத்த புள்ள. அப்படியே ஓடியாரேன்."

"அதெப்படித் தெரியாமப் போகும்? கதை சொல்றா" என்றான் கையைப் பிடித்திருந்தவன்.

அம்மா எழுந்து போய்க் கையை நீட்டினாள். சின்னவள் வரவில்லை. அரக்குச் சேலையைப் பார்த்தாள், நீலச் சேலையைப் பார்த்தாள், நீலத்திலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கூட்டம் ஒரு கணம் குழம்பிப் போயிற்று. அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அம்மா தன் அரக்குச் சேலையின் முந்தானை நுனியை எடுத்து நீட்டினாள். "இழுத்துப் புடிச்சுக்க சாமி" என்றாள். அந்தக் குரலுக்குச் சின்னவள் நிமிர்ந்தாள், நுனியைப் பிடித்தாள், பிறகு தாவி வந்துவிட்டாள்.

பிடித்தவன் அந்தப் பெண்ணின் கையை இன்னும் விடவில்லை. அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் போனேன்.

"அவங்க கூப்புடலீங்க. திரும்பிக்கூடப் பாக்கல. சின்னவதான் முந்தானையப் புடிச்சுட்டுப் போனா. நான் பாத்துட்டுச் சும்மா இருந்தேன். அம்மாகிட்டப் பொய் சொன்னதும் நான்தானுங்க" என்றேன்.

"புல்லுக்கட்டு தலையில இருந்தா நானுந்தான் திரும்ப மாட்டேன். கைய உடுங்க மொதல்ல" என்றாள் அம்மா. அவன் விட்டான். அம்மா அந்தப் பெண்ணின் சிவந்துபோன மணிக்கட்டைத் தடவிக்கொடுத்தாள். "அம்மணி, நீ திரும்பி வராம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்?" என்றாள். அவளும் அழுதாள், அம்மாவும் அழுதாள். கண்டக்டர் பஸ்ஸைத் தட்டினார். அவள் பெயரைக் கேட்காமலே ஏறிவிட்டோம். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

இறங்கும்போது எழுபது வளைவிலும் அம்மா சின்னவளை மடியிலிருந்து இறக்கவில்லை. வீட்டில் சரசக்கா, நீலச் சேலையோடு, நிறைந்த பால் கேனைக் காட்டிப் பாராட்டு வாங்க நின்றுகொண்டிருந்தாள். சின்னவள் நேராக ஓடி அந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா சிரிக்கத் தொடங்கினாள். எப்போது அழ ஆரம்பித்தாள் என்று தெரியவில்லை.

மறுமுனை

என் பொய்யைப் பற்றி வீட்டில் யாரும் மறுபடி பேசவில்லை. அடி விழுந்திருந்தால் அது அன்றோடு முடிந்திருக்கும். பேசாததால் அடுத்த கோடை வரைக்கும் என்னோடு இருந்தது. சின்னவளைப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகச் சொன்னால்கூட ஏதாவது சாக்குச் சொல்லி ஒதுங்கிவிடுவேன். அவள் கையைத் தொடவே பயமாக இருந்தது.

அடுத்த சித்திரை முடிந்து மறுபடி மலைக்குக் கிளம்பினார்கள். வாசலூர்பட்டி ஏரியைப் பார்க்கலாம் என்று அப்பா சொன்னார். நான் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். நீலச் சேலையை அம்மா முதல் நாளே நெடுக்கில் இரண்டாகக் கிழித்திருந்தாள். பாதி சரசக்காவுக்கு. மேலே சுற்றிக்கொண்டு கறந்தாலே செவலைக்குப் போதும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். இன்னொரு பாதியைக் கயிறு மாதிரி முறுக்கி ஒரு முனையைச் சின்னவள் கையில் கொடுத்தாள்.

மறுமுனையை அம்மா தன் இடுப்பில் கட்டிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். கட்டிலுக்கு வந்து என் கையைப் பிரித்து அதில் வைத்தாள்.

"எனக்கு வேண்டாம்மா. நீயே புடிச்சுக்க. நான் உட்ருவேன்."

"இனிமே நீ உடமாட்ட. எந்திரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

சுற்றுலா என்று இன்றைக்கு என் பிள்ளைகள் விமானம் ஏறிப் போகிறார்கள். எனக்குக் கிடைத்தவை இரண்டு கறவைக்கு நடுவில் கிடைத்த சில பகல்கள்தான். அதற்காக அந்த மாட்டுக்கும், சரசக்காவுக்கும், பெயர் தெரியாத அந்த விறகுக்காரப் பெண்ணுக்கும், எல்லாரையும்விட என் அம்மாவுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். என்னிடம் ஒன்றை நம்பிக் கொடுத்தால் எனக்கு இன்னும் பயம் வரும். பயந்தாலும் வாங்கிக்கொள்ள அன்றுதான் பழகினேன்.

அந்த முறை பஸ்ஸில் நான் பலகைகளை எண்ணவில்லை. முப்பதாவது வளைவு தாண்டுவதற்குள் சின்னவள் தூங்கிவிட்டாள், அவள் பக்கத்து முனை கீழே விழுந்தது. நான் குனிந்து அதையும் எடுத்து அவள் விரல்களைச் சேர்த்து மூடி, என் கைக்குள் வைத்துக்கொண்டேன். மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தத் துணி வேர்வையில் நனைந்திருந்தது.